வலது பக்கம் வழவழன்னு ஓடும்

கடையில் அவருக்கு வைத்த பெயர் வழவழ. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கணினிக் கடையின் முதல் மாடியில், படியேறியதும் எதிரே கிடந்த நீள மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இடது பக்கம் பாருங்க, விட்டு விட்டு ஓடும். வலது பக்கம் பாருங்க, வழவழன்னு ஓடும்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. சின்னவர்கள் வழவழ அண்ணன் என்றார்கள். வயதில் மூத்தவர்களும் ஏனோ அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். நாமும் அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

மேசை மேல் இரண்டு திரைகள். இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்புச் சட்டம், ஒரே கால். ஒவ்வொன்றுக்கும் மேசைக்கு அடியில் ஒரு கணினி. இரண்டு திரையிலும் ஒரே விளையாட்டு: மலைப்பாதையில் ஒருவர் சைக்கிளில் இறங்கிக்கொண்டே இருப்பார், மரங்கள் பின்னால் பறக்கும். இடது திரை ஒரு நொடிக்கு அறுபது தடவை படத்தை மாற்றும். வலது திரை நூற்று நாற்பத்து நான்கு தடவை. முன்னால் அட்டையை மடித்து 60 என்றும் 144 என்றும் எழுதி நிறுத்தியிருந்தார்கள்.

அண்ணனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

தெரியாது என்றால் சுத்தமாகத் தெரியாது. இந்தப் பக்கமும் சைக்கிள், அந்தப் பக்கமும் சைக்கிள். இரண்டு வருடம் நாலு மாதமாக, சாய்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், ஆள் இல்லாத நேரம் மேசை மேல் தாடையை வைத்தும் பார்த்தார். இரண்டு சைக்கிளும் ஒன்றுபோல இறங்கின.

இதற்கு முன்னால் பதினாலு வருடம் அவர் மின்விசிறிக் கடையில் விற்பனையாளர். அங்கே பிரச்சினையே இல்லை. விசிறியைப் போட்டால் காற்று வரும், வாங்குகிறவர் முடி பறக்கும், வியாபாரம் முடியும். அந்தக் கடை, அதை நடத்திய சகோதரர்களின் சண்டையில் இரண்டாகி, அப்புறம் இல்லாமலே போனது. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இந்தக் கடைக்கு வந்த அன்று, முதலாளி அவரை மேசைக்கு முன்னால் நிறுத்தி, "நல்லா பாருங்க. வித்தியாசம் தெரியுதா?" என்றார். முதலாளிக்கு இவரைவிடப் பத்து வயது குறைவு, ஆனால் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை ஒரு தலைமையாசிரியரின் பார்வை.

"அப்பட்டமா தெரியுதுங்க சார்" என்றார் அண்ணன்.

அந்த ஒரு வார்த்தை தொண்டையில் முள் மாதிரி மாட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

தெரியாததால் அவர் படிக்க ஆரம்பித்தார். மற்ற விற்பனையாளர்களுக்குக் கண்ணால் பார்த்தாலே போதும். அண்ணனுக்கு ஒவ்வொன்றையும் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கடைக்கு எதிரே மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு அம்மா செங்கல்லை எறிய, சாரத்தில் நின்ற ஆள் பிடித்து அடுக்குவார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்குத் திடீரென்று விஷயம் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து வருகிறவர்களை முதலில் ஜன்னலுக்குக் கூட்டிப்போவார்.

"கம்ப்யூட்டர்ங்கறது அந்தம்மா. படத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கிட்டே இருக்கும். திரைங்கறது மேல நிக்கற ஆளு. அந்தம்மா நொடிக்கு நூறு கல்லு எறிஞ்சாலும் மேல அறுபதுதான் பிடிக்க முடியும்னா மிச்சம் வீண். சமயத்துல இந்தக் கல்லுல பாதி, அந்தக் கல்லுல பாதின்னு கைக்கு வரும். அப்பதான் படம் நடுவுல கிழிஞ்ச மாதிரி தெரியறது. அதே மாதிரி மேல கில்லாடி ஆளா நிறுத்திட்டு, கீழேயிருந்து முப்பது கல்லுதான் வருதுன்னா? அவரு கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்ப்பாரு. உங்க வீட்டு கம்ப்யூட்டர் எத்தனை போடும்னு முதல்ல சொல்லுங்க."

கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். கணினி பழசு என்றால், "இப்ப இந்தத் திரை உங்களுக்கு வேண்டாம்" என்று அவரே திருப்பி அனுப்புவார். வாங்கிப் போனவர்கள் போனில் கூப்பிட்டு எல்லாம் பழையபடியே இருக்கிறதே என்றால், "கம்ப்யூட்டர்ல திரை அமைப்புல போய்ப் பாருங்க, அறுபதுலயே கிடக்கும், நூத்தி நாப்பத்தி நாலுன்னு மாத்துங்க" என்று வழி சொல்வார். வித்தியாசம் தெரிந்துவிட்ட முகம் எப்படி இருக்கும் என்பதும் அவருக்கு மனப்பாடம். வலது பக்கம் திரும்பியதும் புருவம் கொஞ்சம் மேலே போகும், வாய் ஓரம் தளரும். திரையைப் பார்க்காமல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, சரியான நேரத்தில் "பார்த்தீங்களா?" என்பார். கடையிலேயே அதிகம் விற்றவர் அவர்தான்.

வீட்டிலும் சொல்லவில்லை. மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் மேற்பார்வை. ஓடுகிற ஊசியைப் பார்த்தே நூல் அறப்போகிறது என்று சொல்லக்கூடியவள். ஒருநாள் மறந்துபோன சாவியைக் கொடுக்கக் கடைக்கு வந்தவள், மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வலது பக்கம் நல்லா ஓடுது, இடது பக்கம் தத்தித் தத்தி ஓடுது. இதைச் சொல்றதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று முழுக்க அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் கண் மருத்துவரிடம் போனார். அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அண்ணன் கடைசி வரி வரை படித்து, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தார்.

"கண்ணு அருமையா இருக்கே. என்ன தொந்தரவு?"

"நிக்கற எழுத்து தெரியுதுங்க டாக்டர். ஓடற எழுத்து தெரியுமான்னுதான் சந்தேகம்."

"எழுத்து ஏன் ஓடணும்?"

அண்ணன் செங்கல்லில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடிவில், "எங்க வீட்டுக்காரர் ரெண்டு மாசமா இந்த நூத்தி நாப்பத்தி நாலைத்தான் கேட்டு உயிரை எடுக்கறார். இப்பதான் எனக்கு என்னன்னே புரியுது. உங்க கடை எங்க இருக்கு?" என்றார். கண்ணைப் பற்றி அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரமே வீட்டுக்காரர் வந்து ஒரு திரை வாங்கிப்போனார்.

இப்படியே ஓய்வு பெறும் வரை ஓட்டியிருப்பார். ஆனால் முதலாளி கடைக்கு வெள்ளையடிக்க முடிவு செய்தார்.

வெள்ளையடிக்க வந்தவர்கள் மேசையைக் காலி செய்து, திரையையும் அதன் கணினியையும் ஜோடி ஜோடியாகக் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். மறுநாள் காலையில் அதே ஜாக்கிரதையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். எந்த ஜோடி எந்தப் பக்கம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் துணியால் துடைத்து, பழக்கதோஷத்தில் இடது பக்கம் 60 அட்டையையும் வலது பக்கம் 144 அட்டையையும் நிறுத்தினார். இரண்டு சைக்கிளும் இறங்க ஆரம்பித்தன. அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

நாலு நாள் அவர் அறுபதைக் காட்டி வழவழ என்றார். நாலு நாளும் ஆட்கள் தலையாட்டினார்கள். புருவங்கள் மட்டும் ஏனோ சரியாக வேலை செய்யவில்லை. புதுப் பெயின்ட் வாடையால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "எனக்கு என்னமோ இடது பக்கம்தான் பிடிச்சிருக்கு" என்றார். அண்ணன் மனசாட்சி உள்ளவர். "அப்ப உங்களுக்கு அறுபதே தாராளம்ணே. எதுக்கு வீணா விலை கூடினதை வாங்கறீங்க?" என்று அறுபதைக் கட்டிக் கொடுத்து அனுப்பினார். நல்லது செய்த திருப்தி அன்று மாலை வரை இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஓர் அம்மா வந்தார். கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளியில் ஆசிரியை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் கணினியில் பந்தயக் கார் ஓட்டுவாராம். "நாள் பூரா இருபதுக்கு மேல போக விடாம உக்காந்திருக்கேன், சாயங்காலமாவது இருநூறுல போக வேண்டாமா?" என்றார்.

அண்ணன் செங்கல் கதை சொன்னார். அம்மா ரசித்துக் கேட்டார். மேசைக்கு வந்தார்கள்.

"இடது பக்கம் பாருங்க மேடம், விட்டு விட்டு ஓடும். வலது பக்கம்..."

"மாத்திச் சொல்றீங்க."

"இல்லைங்க மேடம். வலதுதான் நூத்தி நாப்பத்தி நாலு. அட்டை இருக்கு பாருங்க."

"அட்டையை நான் எதுக்குப் பார்க்கணும்? ஓடறதைத்தானே பார்க்கறேன். இடதுதான் வழுக்கிக்கிட்டுப் போகுது."

இந்த இடத்தில் அண்ணன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் இரண்டு வருடம் நாலு மாதமாக, பதறும்போதெல்லாம் கைகொடுத்த ஒரு வரி அவரிடம் இருந்தது. அது தானாக வெளியே வந்துவிட்டது. "பழகாத கண்ணுக்கு முதல்ல அப்படித்தான் தோணும் மேடம்."

ஆசிரியை நிதானமாக அவர் பக்கம் திரும்பினார். "பதினோரு வருஷமா, பிரேக் எது ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியாதவங்க பக்கத்துல உக்காந்து உயிரோட வீடு திரும்பிக்கிட்டு இருக்கேன். எங்கண்ணு பழகலையா?"

பேச்சுச் சத்தம் கேட்டு முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். ஆசிரியை யாரையும் எதுவும் கேட்கவில்லை. மேசைக்கு அடியில் கிடந்த வலது பக்கத்து மவுஸை எடுத்து, நாலு அழுத்து அழுத்தித் திரை அமைப்பைத் திறந்தார். அறுபது. இடது பக்கம் திறந்தார். நூற்று நாற்பத்து நான்கு. இரண்டு அட்டைகளையும் எடுத்து இடம் மாற்றி வைத்தார்.

"இவருக்கு முதுகுல எல் போர்டு மாட்டி விடுங்க சார்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, பிறகு வருகிறேன் என்று படியிறங்கினார்.

அண்ணன் திருதிருவென்று விழித்தார். புது வெள்ளையடித்த சுவர் பளிச்சென்று இருந்ததால் முகத்தை மறைக்க ஒரு நிழல்கூட இல்லை.

"உள்ள வாங்க" என்றார் முதலாளி.

உள்ளே போய் நின்றார்.

"எத்தனை நாளா?"

"வெள்ளையடிச்சதிலேருந்துங்க சார். நாலு நாளா."

"அதைக் கேக்கலை. வித்தியாசம் தெரியாம எத்தனை நாளா?"

அண்ணனுக்கு, எப்படியும் கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று, இனிமேல் என்ன என்று தோன்றியது. "ரெண்டு வருஷம் நாலு மாசம்ங்க சார்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வேலைக்கு வந்த அன்னிக்கு அப்பட்டமா தெரியுதுன்னீங்களே?"

"தெரியலைன்னா வேலை குடுத்திருப்பீங்களா சார்?"

முதலாளி யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "மாட்டேன்."

"அதான் சார்."

வெளியே தொலைபேசி மணி அடித்து ஓய்ந்தது. முதலாளிக்குக் கோபம் இருந்தது. ஆனால் கடையில் அதிகம் விற்கிற ஆள் மேல் கோபத்தை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று தெரியாமல் நாற்காலியை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இந்த நாலு நாள்ல வாங்கினவங்க எல்லாருக்கும் போன் பண்ணுங்க. ஒருத்தர் விடாம நடந்ததைச் சொல்லுங்க. அப்புறம் உங்க விஷயத்தைப் பார்ப்போம்."

ஆறு பேர். அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதல் ஆள், "நான் அட்டையைப் பார்த்துத்தான் வாங்கினேன், திரையைப் பார்க்கவே இல்ல" என்றார். இரண்டாவது ஆள் ரொம்பப் பணிவானவர். "அன்னிக்கே தெரியும்ணே. நீங்க அவ்ளோ ஆசை ஆசையா சொல்லிக்கிட்டு இருந்தீங்க, இடையில குறுக்கிட்டா மனசு கஷ்டப்படுமேன்னு தலையாட்டினேன்." மூன்றாவது ஆளும் நாலாவது ஆளும், தங்களுக்கு எந்தப் பக்கமும் ஒன்றாகத்தான் தெரிந்தது, வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டோம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அண்ணனுக்கு அவர்கள் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும் போலிருந்தது. ஐந்தாவது ஆள் 144 திரையை வாங்கிப் போய் அதை அறுபதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் போனிலேயே மாற்றிக் கொடுத்தார்.

ஆறாவது, முடிதிருத்தும் கடைக்காரர்.

"அண்ணே, நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன்" என்றது ஒரு சோர்ந்த குரல். "கடையைப் பாதி சாத்திட்டு உக்காந்திருக்கேன். எனக்குக் கண்ணு போச்சுண்ணே."

அண்ணன் ஆடிப்போய்விட்டார். முதலாளியிடம் விவரம் சொல்லி, 144 திரை ஒன்றைப் பெட்டியோடு தோளில் தூக்கிக்கொண்டு மூன்று தெரு நடந்தார்.

கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே கடைக்காரர் தன் சுழல் நாற்காலியிலேயே உட்கார்ந்து கண்ணாடியில் தன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் கணினி. மதியம் ஆள் வராத நேரம் துப்பாக்கிச் சண்டை விளையாடுவார்.

"உங்க கடையில எனக்கு இடது பக்கம்தான் நல்லா தெரிஞ்சுது" என்றார் அவர். "நீங்க வலதுன்னு அடிச்சுச் சொன்னீங்க. சரி, நமக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். இங்க கொண்டாந்து போட்டா, உங்க கடையில பார்த்த மாதிரியும் ஓடலை. அப்ப அங்க பார்த்ததும் பொய்யா? மறுநாள் காலையில ஒருத்தருக்குக் கிருதா வெட்டறேன், கை ஓடலை. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கா, ஒண்ணா இருக்கான்னு அவரையே கேட்டேன். அவரு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. சந்தேகத்துல இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு வெட்டி, கடைசியில கிருதாவே இல்லாம அனுப்பினேன். அதோட சரி."

அண்ணன் கைகட்டி நின்று நடந்ததை எல்லாம் சொன்னார். வெள்ளையடித்தது, ஜோடி மாறியது, அட்டை மாறியது. தனக்குத் தெரியாது என்பதையும் சொன்னார். சொல்லச் சொல்லக் கடைக்காரரின் முகத்தில் ரத்தம் ஏறியது.

"அப்ப எங்கண்ணு சரியாத்தான் இருந்துச்சா?"

"உங்க கண்ணுதாங்க சரி. எங்கடையே தப்பு."

பழைய திரையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் புதியதை மாட்டினார்கள். அண்ணன் கம்பியைப் பார்த்துச் செருகினார், அமைப்பைத் திறந்து அறுபதை நூற்று நாற்பத்து நான்காக்கினார். கணினி எத்தனை படம் அனுப்புகிறது என்று மூலையில் எண் போட்டுப் பார்த்தார். நூற்றுமுப்பதுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது, தாராளம். கடைக்காரர் உட்கார்ந்து ஒரு சுற்று ஓடிவிட்டு, மவுஸை வைத்துவிட்டு எழுந்தார்.

"இதேதான்ணே. கடையில பார்த்தது இதேதான். நீங்க அந்த நாற்காலியில உக்காருங்க."

"எதுக்குங்க?"

"கை துறுதுறுங்குது. முடி வளர்ந்து கெடக்கு, உக்காருங்க."

மறுக்கிற நிலையில் அண்ணன் இல்லை. கழுத்தில் துண்டு விழுந்தது. கத்தரிக்கோல் காதோரம் சலசலவென்று ஓடியது. ஒருமுறைகூட அந்த மனிதர் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. பாதியில் மட்டும் சீப்பை நிறுத்திவிட்டு, "நீங்க எப்பவாவது அதை ஓட்டிப் பார்த்திருக்கீங்களா?" என்றார்.

"எதை?"

"விளையாட்டை. மவுஸைப் பிடிச்சு."

அண்ணன் யோசித்தார். ஒருநாளும் இல்லை. மின்விசிறிக் கடையிலிருந்து வந்த பழக்கம்; வாடிக்கையாளருக்குக் காட்டும் பொருளை விற்கிறவர் தொடமாட்டார்.

"நல்லா இருக்கு போங்க. இந்தக் கத்தரி நல்ல கத்தரியான்னு பார்த்தா தெரியும்? விரலைக் கொடுத்து ரெண்டு வெட்டு வெட்டினாத்தான் தெரியும். முடிஞ்சதும் வாங்க."

துண்டை உதறிவிட்டு அண்ணனைக் கணினி முன் உட்காரவைத்தார். முதலில் பழைய திரையை மறுபடி மாட்டினார். மவுஸை ஆட்டியதும் துப்பாக்கி சுற்றியது. அண்ணன் மூன்று நொடியில் செத்தார். மறுபடி செத்தார். கையை நிறுத்திய பிறகும் துப்பாக்கி துளி தாமதித்துத்தான் நிற்பது போல இருந்தது, கயிறு கட்டி இழுத்த பொம்மை மாதிரி. பிறகு புதிய திரை. அதிலும் செத்தார். ஆனால் சாகும் முன்பு கையை இப்படித் திருப்பினால் அதுவும் இப்படி, அப்படித் திருப்பினால் அதுவும் அப்படி. கயிறு இல்லை.

"ஏதாவது தெரியுதா?"

"தெரியற மாதிரி இருக்குங்க" என்றார் அண்ணன். கொஞ்ச நேரம் கழித்து, "தெரியாத மாதிரியும் இருக்கு" என்றார். இரண்டு வருடத்தில் அவர் சொன்ன முதல் உண்மையான அபிப்பிராயம் அது.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"இதைத்தான் ரெண்டு வருஷமா வயித்துல வச்சுக்கிட்டுப் புரண்டு புரண்டு படுத்தீங்களா? நான் வேற என்னமோன்னு நெனச்சேன்."

"என்னன்னு நெனச்சே?"

"அதை விடுங்க. கைக்குத் தெரியுதா இல்லையான்னு ஒரு வழி பண்ணிடலாம். நாளைக்கு மத்தியானம் வரேன்."

சொன்னபடி சாப்பாட்டு நேரத்தில் வந்தாள், கையில் டிபன் பாக்ஸும் ஒரு பழைய சட்டைத் துணியும். எண் அட்டைகளைத் துணியால் மூடினாள். அண்ணனைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். அமைப்பை மாற்றும் வழியை அவரிடமே கேட்டுக்கொண்டு, 144 திரையை ஒருமுறை அறுபதாக மாற்றுவாள், ஒருமுறை அப்படியே விடுவாள். திரும்பிப் பார்த்து அவர் சொல்ல வேண்டும். பட்டறையில் துணிக் கட்டு எண்ணுகிற மாதிரி காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டாள். முதலாளி அறை வாசலில் சாய்ந்து நின்று பார்த்தார்.

பார்த்துச் சொன்னதில் பத்துக்கு நாலு.

"காசைச் சுண்டிப் போட்டிருந்தா அஞ்சாவது வந்திருக்கும்" என்றார் முதலாளி.

"இப்ப மவுஸைக் குடுக்கறேன்" என்றாள் மனைவி. "முழிக்காதீங்க. சும்மா ஓட்டுங்க. கை என்ன சொல்லுதோ அதைச் சொல்லுங்க."

சைக்கிள்காரர் முதல்முறையாக அண்ணனின் கைக்கு வந்தார். ஒரு வளைவில் பாறையில் மோதினார். "அறுபது." அடுத்தது, மரத்தில். "நூத்தி நாப்பத்தி நாலு." மனைவி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, கோடு மட்டும் போட்டாள். ஆறாவது தடவைக்குள் முதலாளி வாசலை விட்டு மேசைக்கே வந்துவிட்டார். எட்டாவதில் அண்ணன் தயங்கித் தயங்கி நூற்று நாற்பத்து நான்கு என்றார், உதட்டைக் கடித்துக்கொண்டு அறுபது என்று மாற்றினார். முதலாளி தன்னை அறியாமல் உச்சுக்கொட்டினார்.

மனைவி கோடுகளை எண்ணினாள். ஒருமுறைக்கு இருமுறை எண்ணினாள்.

"பத்துக்கு எட்டு."

அண்ணன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ இரவல் கொடுத்தது மாதிரி.

"நாளையிலேருந்து ரெண்டு பக்கமும் மவுஸை வெளிய வைங்க" என்றார் முதலாளி. "வர்றவங்க ஓட்டிப் பார்க்கட்டும். அட்டையை மூடியே வச்சிருங்க. அவங்க சொன்னப்புறம் திறங்க."

"சில பேருக்கு ஓட்டினாலும் தெரியாதுங்க சார். ரெண்டு பேர் போன்ல சொன்னாங்க."

"தெரியலைன்னா அறுபதைக் குடுங்க."

"அப்ப விலை கூடினது குறைவாத்தான் விக்கும்."

முதலாளி கண்ணாடியைத் துடைத்தார். அந்தக் கணக்கை அவரும் போட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "விக்கட்டும். இனிமே போன் பண்ணி மன்னிப்பு கேக்கற வேலை வேண்டாம்" என்று சொல்லி அறைக்குள் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல், அந்த மவுஸைக் கொஞ்சம் கொடுக்கும்படி கேட்டார்.

மனைவி அவரையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். அவரும் நல்ல பிள்ளையாகத் திரும்பினார்.

"சாப்பாடு ஆறுதே" என்றார் அண்ணன்.

"சார் முடிச்சதும் சாப்பிடலாம்" என்றாள் அவள், புதுக் காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு.